மெட்டல் ட்ரம்ஸ்: முதலில் எதை வாங்குவது? இதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

கேள்வி: ஹட்டன் தாளக்காரன்

வணக்கம். நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். உயர்தரப் பரீட்சைக்குப் பின்னர் நகரில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு, கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் சினிமாப் பாடல்கள் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். ஆனால் என் மனம் ஹெவி மெட்டலில்தான் இருக்கிறது. அதிலும் ஸ்லேயர் என்ற அமெரிக்க மெட்டல் குழுவில் டேவ் லொம்பார்டோ ட்ரம்ஸ் வாசித்த பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பவன்.

குழுவுக்குச் சொந்தமான செட்டில் காலால் அடிக்கும் பேஸ் ட்ரம் ஒன்றும் அதற்கான ஒற்றைப் பெடலும் மட்டுமே உள்ளன. சிறிது பணம் சேர்த்திருக்கிறேன். லொம்பார்டோவைப் போல இரண்டாவது பேஸ் ட்ரம் வாங்குவதா, ஒரே ட்ரம்மை இரண்டு கால்களாலும் அடிக்க உதவும் டபுள் பெடல் வாங்குவதா, விளிம்பில் வெடித்திருக்கும் சிம்பலை (உலோகத் தட்டை) மாற்றுவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. வீடு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பதால் அங்கே எப்படிப் பயிற்சி செய்யலாம் என்பதையும், இதை நம்பி ஒருவன் பிழைக்க முடியுமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அப்பா காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர். ஆகையால் வீட்டில் தாளத்துக்கு எதிர்ப்பில்லை. வருமானத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

பதில்: கண்டி ஸ்னேர்

தம்பி, டபுள் பெடலை வாங்குங்கள்.

இரண்டு பேஸ் ட்ரம் வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரே தோலில் இரண்டு அடிகள் அடுத்தடுத்து விழும்போது, முதல் அடியின் அதிர்வு அடங்குமுன் பெடலின் இரண்டாவது அடிகோல் அங்கே வந்துவிடுகிறது. லொம்பார்டோவே தமது விருப்பத்துக்கு இந்த விளக்கத்தைத்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் 22 அங்குல ட்ரம் இரண்டை ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, முச்சக்கர வண்டியில் ஏற்றி, தோட்டத்துப் பாதையில் திருவிழா மேடைவரை கொண்டுபோவது யார்? பெடலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம். குழுவின் செட்டாயினும் பிறருடைய செட்டாயினும் அதில் பொருத்தி வாசிக்கலாம்.

புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. 2022இல் ரூபா சரிந்த பின்னர் இறக்குமதிப் பொருள்களின் விலை நமது கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. டாமா அயர்ன் கோப்ரா, பேர்ல் எலிமினேட்டர், டிடபிள்யூ 5000 போன்றவற்றின் பழைய வகைகள் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்; இவற்றுக்கு உதிரிப் பாகம் தேடிப் பிடிக்கலாம். பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இரண்டு பெடல்களையும் இணைக்கும் தண்டின் மூட்டுகளை. ஒரு கையால் அடிகோலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடது பெடலை மெதுவாக அசைத்துப் பாருங்கள். தண்டில் ஆட்டம் இருந்தால், உங்கள் இடது கால் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அடி பிந்தித்தான் விழும். குறை காலில் இருப்பதாக எண்ணிப் பல மாதங்களை வீணாக்குவீர்கள். மினுக்கம் குறைந்திருப்பதும் அடித்தட்டில் கீறல் இருப்பதும் பொருட்டல்ல.

அடிகோலின் முனை கம்பளியாக இருந்தால் ஒலி உருண்டு வரும். கடினமான பிளாஸ்டிக் முகமாக இருந்தால் அடியின் ஆரம்பம் கூர்மையாகக் கேட்கும். வேகமான மெட்டலில் கிட்டாரின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டியது இந்தக் கூர்மைதான். நிமிடத்துக்கு 200 தட்டு என்ற வேகத்தில் பதினாறாம் சுரங்களை (ஒரு தட்டுக்கு நான்கு அடி) வாசித்தால் வினாடிக்கு 13 அடிகளுக்கு மேல் வருகிறது. மூழ்கிய ஒலியில் அவற்றை யாரும் பிரித்துக் கேட்க முடியாது. டொம் எனப்படும் கையால் வாசிக்கும் ட்ரம்களுக்கு இரண்டு அடுக்குத் தோல் போடுங்கள், நீண்ட காலம் தாங்கும். குச்சி 5பி அளவு போதும். தடித்த 2பி குச்சியைப் பிடித்தால்தான் மெட்டல் என்று சொல்பவர்களை நான் பொருட்படுத்துவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அயர்ன் மெய்டன் குழுவில் 1982 முதல் 2024 டிசம்பர் வரை மேடையேறிய நிக்கோ மக்பிரெய்ன் ஒற்றைப் பெடலில் வாசித்தே பெயர் பெற்றவர். பெடல் கைக்கு வரும்வரை உங்கள் வலது கால் சும்மா இருக்க வேண்டியதில்லை.

பதில்: நுவரெலியா மூடுபனி

மேலே சொன்னதில் நமது காலநிலையைப் பற்றி ஒன்றும் இல்லை. கொழும்பில் இருக்கும் ட்ரம்மருக்கும் நமக்கும் உள்ள முதல் வேறுபாடு ஈரம். தப்பின் தோல் பனியில் தளர்ந்துவிடும் என்பதால் அதை நெருப்பில் காட்டிக் காய்ச்சுவது அப்பாவுக்குத் தெரிந்த விடயம். இன்றைய ட்ரம் தோல்கள் பொலியெஸ்டர் என்பதால் அவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை; ஆனால் இரும்புக்கு உண்டு. பெடலின் சங்கிலி, சுருள்வில், ஸ்னேர் ட்ரம்மின் அடியிலுள்ள கம்பிகள், தோலை இறுக்கும் திருகாணிகள் ஆகிய எல்லாம் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெயைச் சங்கிலியிலும் மூட்டுகளிலும் ஒரு துளி இடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பது திறந்து வைப்பதைவிடக் கெடுதி.

சிம்பலை இப்போது மாற்ற வேண்டாம். விளிம்பில் சிறிய வெடிப்பு என்றால், பட்டறையில் அந்த இடத்தை மட்டும் வளைவாக அரைத்து எடுத்துவிட்டுச் சில காலம் ஓட்டலாம். பின்னர் வாங்கும்போது உலோகத்தைக் கேட்டு வாங்குங்கள். 80 வீதம் செம்பும் 20 வீதம் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தை விலை உயர்ந்த வகைகளில் காணலாம். 92க்கு 8 என்ற கலவை பெரும்பாலும் மலிவானவற்றில் வரும். ஆயினும் மலிவு என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. ராக் வாசிப்பவர்கள் பல தசாப்தங்களாகப் பயன்படுத்தும் பைஸ்டி 2002 வரிசை அந்த இரண்டாவது கலவையில்தான் செய்யப்படுகிறது.

லயத்தில் பயிற்சி செய்வதைப் பற்றி: ரப்பர் பட்டையில் கைப்பயிற்சி செய்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கால் பயிற்சிதான் சிக்கல், ஏனெனில் பெடலின் அதிர்வு தரை வழியாகவும் பொதுச் சுவர் வழியாகவும் அடுத்த காம்பிராவுக்குப் போய்விடும். ஒரு பலகையின் அடியில் தடித்த ஸ்பொஞ்சை வைத்து, அதன்மேல் பெடலை வையுங்கள். விடியற்காலையில் கொழுந்துக்குப் போகிறவர்கள் இரவில் தூங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காதடைப்பானைக் கட்டாயம் வாங்குங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழிற்சாலைகளுக்காக வகுக்கப்பட்ட ஓர் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்ற கணக்கில், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய அறையில் ட்ரம்ஸ் அதை எளிதாகத் தாண்டும்.

பதில்: கொழும்பில் ஒரு பண்டாரவளையான்

தொழில் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் விரும்பும் லொம்பார்டோவின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். ஹவானாவில் 1965இல் பிறந்து, சிறுவயதிலேயே கலிபோர்னியாவுக்கு வந்தவர். அரை மணி நேரத்தைக்கூட எட்டாத, ஆனால் இந்த இசையின் போக்கையே மாற்றிய ஸ்லேயரின் ‘ரெயின் இன் பிளட்’ ஆல்பம் 1986இல் வெளியான சில மாதங்களுக்குள் அவர் குழுவை விட்டு விலகினார். காரணம் பணம்: சுற்றுப்பயணம் போயும் வாடகை கட்டப் போதவில்லை. 1987இல் திரும்பினார், 1992இல் மீண்டும் பிரிந்தார், 2001இல் மறுபடியும் வந்தார், 2013இல் ஊதியத் தகராறில் வெளியேற்றப்பட்டார். இடையிலும் பின்னரும் கிரிப் இங்க், ஃபான்டொமஸ், சூசைடல் டென்டன்சீஸ், மிஸ்ஃபிட்ஸ், டெஸ்டமென்ட் என்று பல குழுக்களில் வாசித்தார். இத்துறையின் உச்சியில் இருந்தவருக்கே ஒரே குழு சோறு போடவில்லை என்றால், ஹட்டனில் இருக்கும் ஒருவர் மெட்டலை மட்டும் நம்பி வேலையை விடுவது சரியல்ல.

இலங்கையில் மெட்டல் குழுக்கள் இல்லாமல் இல்லை. கொழும்பின் ஸ்டிக்மாட்டா வெளிநாட்டு மேடைகளிலும் வாசித்திருக்கிறது. ஆனால் இங்கே ட்ரம்மருக்குச் சம்பளம் வருவது ஹோட்டல் இசைக்குழுக்கள், கல்யாணங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள், கற்பித்தல் ஆகியவற்றிலிருந்துதான். ஆகவே இங்கே கொண்டாட்டங்களில் ஆடப்படும் பைலா இசையின் ஆறு-எட்டு தாளத்தைத் தூக்கத்திலும் வாசிக்கக்கூடியவராக இருங்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ட்ரம் கிட் பரீட்சைகளைப் படிப்படியாக எழுதினால், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது பெற்றோரிடம் காட்ட ஒரு சான்றிதழ் இருக்கும். பண்டாரவளையிலும் ஹட்டனிலும் கீபோர்ட் வகுப்பு கிடைக்கும் அளவுக்கு ட்ரம்ஸ் வகுப்பு கிடைப்பதில்லை என்பதை நான் ஒரு வாய்ப்பாகவே பார்க்கிறேன்.

கண்டி நண்பரின் பதிலில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கூர்மையான ஒலிக்கு அடிகோலை மட்டும் நம்பத் தேவையில்லை. தோலில் பொருத்தும் ட்ரிகர் கருவி அடியை உணர்ந்து, பதிவு செய்த ஒலியை எழுப்பும். அதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. ஆனால் பிந்திய அடியை ட்ரிகர் முந்த வைப்பதில்லை. பிழையை இன்னும் தெளிவாகக் காட்டும்.

ஹட்டன் தாளக்காரன்

மூவருக்கும் நன்றி. பழைய அயர்ன் கோப்ரா ஒன்றைப் பார்க்கக் கண்டிக்குப் போக இருக்கிறேன். இடது கால் பழக வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

கண்டி ஸ்னேர்

நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் மெட்ரோனோமை (தட்டு எண்ணும் கருவியை) வைத்து, எட்டாம் சுரங்களை (ஒரு தட்டுக்கு இரண்டு அடி) இடது காலால் தொடங்கி மாற்றி மாற்றி வாசியுங்கள். கையில் எளிய தாளம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு காலின் ஒலியும் ஒன்றுபோலக் கேட்கும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். சுருள்வில்லைத் தொடக்கத்திலேயே மிகவும் இறுக்கிவிடாதீர்கள். கணுக்கால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பெடலைப் பார்க்கப் போகும்போது திருகாணிகளைத் திருப்பும் ட்ரம் சாவி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.