‘தூண்டுதல்’ வேண்டாம், ‘கலைத்துவிடல்’ இருக்கிறது

> ‘ஒப்பந்த மீறலைத் தூண்டுதல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரிகிறதே.

வணக்கம் ஐயா. புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். தூண்டுதல் என்றதும் ‘தற்கொலைக்குத் தூண்டுதல்’தான் நினைவுக்கு வருகிறது. அது கிரிமினல் வழக்கு, போலீஸ், ஜாமீன். நாம் தமிழ்ப் பெயர் தேடுவதோ, ஒருவர் போட்ட ஒப்பந்தத்தை வெளியாள் மீறவைப்பது என்ற, நஷ்டஈடு கேட்கும் ஒரு சிவில் தீங்குக்கு (tort).

வேலூர் சத்துவாச்சாரியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிராதுகளைத் தமிழாக்கித் தருவது என் பிழைப்பு. ஆம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் சின்ன யூனிட். நீட்டு நோட்டு ஒன்றைப் பிரித்து வைத்தார். தேதி, எத்தனை ஜோடி, அட்வான்ஸ், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து. ஒரு பக்கத்தில் பாதியோடு எழுத்து நின்றுபோயிருந்தது. “அக்ரிமென்ட் இருக்குன்னு தெரிஞ்சே என் ஜாப் ஒர்க் ஆளைக் கலைச்சு விட்டுட்டான் சார்” என்றார்.

எனக்குச் சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. அந்த ‘விட்டுட்டான்’தான் முக்கியம். ஏவிவிடு, கிளப்பிவிடு, மூட்டிவிடு: எல்லாவற்றிலும் செய்கிறவர் வெளியே நிற்கிறார், காரியம் இன்னொருவர் கையால் நடக்கிறது. இந்தத் தீங்கின் அடிப்படையும் அதுதான். விட்டுப்போன தையல்காரர் செய்தது ஒப்பந்த மீறல். கையெழுத்தே போடாத மூன்றாம் ஆளை ஒப்பந்தச் சட்டத்தால் பிடிக்க முடியாது, தீங்கியல் சட்டம்தான் பிடிக்கும்.

‘தெரிஞ்சே’ என்பதையும் விடக்கூடாது. லண்டனில் 1853இல் வந்த லம்லி எதிர் கை (Lumley v Gye) வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லம்லியின் அரங்கில் பாட ஒப்புக்கொண்டிருந்த யோகன்னா வாக்னரை, கூடுதல் பணம் தருவதாகச் சொல்லிப் போட்டி அரங்கை நடத்திய கை என்பவர் தன் பக்கம் இழுத்தார். அப்படி இழுப்பது வழக்குக்குரிய தீங்கு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அடுத்த ஆண்டு ஜூரி கை பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் வாக்னரைக் கட்டுப்படுத்தவில்லை என்று கை உண்மையாகவே நம்பியிருந்தார் என்பதால். கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இருக்கிறது என்று அறியாமல் கலைத்தால் தீங்கு இல்லை.

‘ஒப்பந்தக் கலைப்பு’ என்று சுருக்கலாமா என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். கூடாது. சட்டசபைக் கலைப்பு மாதிரி, ஒப்பந்தத்தையே முடித்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். கொஞ்சம் நீளமானாலும் ‘ஒப்பந்த ஆளைக் கலைத்துவிடல்’ என்றே இருக்கட்டும்.

விளக்கம் இப்படி எழுதலாம்: இருவருக்குள் ஒப்பந்தம் உண்டு என அறிந்தே, வெளியாள் ஒருவர் அவர்களில் ஒருவரை அதை மீறவைத்தல். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் கூடுதல் கூலி சொல்லிக் கூப்பிடுவது வெறும் தொழில்போட்டி, இதில் சேராது.

அப்புறம், ஒப்பந்தம் எதுவும் மீறப்படாமல், கடைக்கு வருகிறவர்களை மிரட்டி வியாபாரத்தைக் கெடுப்பது தனித் தீங்கு. அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2007இல் இரண்டையும் தெளிவாகப் பிரித்துவிட்டது. அதற்கும் இதே சொல்லைப் போட்டுவிடாதீர்கள். நான் ‘பிழைப்பைக் கெடுத்தல்’ வரைக்கும் வந்திருக்கிறேன். கோர்ட் நடைக்கு ஏற்றதாக இருந்தால் சொல்லுங்கள்.