மியூட்டேஷன்: சடுதிமாற்றம் போதும், திரிபுக்கு வருவோம்

டிஎன்ஏவின் எழுத்து வரிசையில் நேரும் மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் மியூட்டேஷன் என்று பெயர், நம் பாடநூலில் சடுதிமாற்றம். புற்றுநோய் பற்றி எழுதும்போது அதற்குப் பதில் 'திரிபு' என்போம் என்று நான் சொன்னதற்கு, பாடநூலில் வேரூன்றிவிட்ட சொல்லை ஏன் அசைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உறுத்துவது அந்தச் 'சடுதி'தான். 1901-இல் தாவரவியலாளர் ஹியூகோ டி வ்ரீஸ் மியூட்டேஷன் கோட்பாட்டை எழுதியது ஈனோத்தீரா செடியில் ஒரே தலைமுறையில் திடுமெனப் புது வடிவங்கள் முளைத்ததைப் பார்த்து. அவருக்குச் சடுதி சரி. புற்றுநோயிலோ மாற்றங்கள் பெரும்பாலும் பல வருடங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருகின்றன. குழந்தைகளின் விழித்திரைப் புற்றை வைத்து 1971-இல் ஆய்வாளர் நட்சன் சொன்னதும் ஒரு அடி போதாது, இரண்டு அடிகள் விழ வேண்டும் என்பதைத்தான். நாம் சடுதி சடுதி என்று எழுதிக்கொண்டிருந்தால், நேற்று நன்றாக இருந்த செல் இன்று காலையில் புற்றாகிவிட்டது என்று படிப்பவர் நினைப்பதில் தப்பே இல்லை.

இலங்கைப் பாடநூல்களின் 'விகாரம்' இலக்கணப்படி அச்சாகப் பொருந்துகிறது, புணர்ச்சியில் எழுத்து மாறுவதற்கும் அதுதான் பெயர். ஆனால் பேச்சில் விகாரம் என்றால் அருவருப்பு. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருப்பவரிடம் 'உங்களுக்கு விகாரம் இருக்கிறது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. 'பிறழ்வு' என்ற சொல்லும் அப்படித்தான், குற்றம் சாட்டுகிறது. மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை யாருக்கும் தொந்தரவில்லாமல் சும்மா கிடப்பவை.

அதனால் திரிபு. பள்ளிக்கூடத்துப் புணர்ச்சியை நினைத்துப் பாருங்கள்: பூங்கொடியில் ங் தோன்றியது, கற்சிலையில் ல் திரிந்தது, மரவேரில் ம் கெட்டது. டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளுக்கு நடப்பதும் இந்த மூன்றும்தான். செல் வளர்ச்சியைத் தூண்டும் எச்ராஸ் மரபணுவின் பன்னிரண்டாவது மும்மையில் (மூன்றெழுத்துத் தொகுதி, ஆங்கிலத்தில் கோடான்) ஜிஜிசி ஜிடிசி ஆனதை 1982-இல் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் கண்டார்கள். ஒரே எழுத்து, புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் வேலின், அந்தப் புரதம் அணையாத சுவிட்ச். மார்பகப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 மரபணுவில் ஏ, ஜி என்று இரண்டே எழுத்து கெடுகிற வகை ஒன்று உண்டு, ஒரு சி கூடுதலாகத் தோன்றுகிற வகையும் உண்டு. செல் மும்மூன்று எழுத்தாகப் படிப்பதால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குளறுபடி. 'கடல் படகு மரம்' என்பதில் முதல் ட-வை மட்டும் எடுத்துவிட்டு மும்மூன்றாகப் படியுங்கள்: கல்ப டகும ரம்.

தெருவில் திரிகிற மரபணுவா என்று கேலி செய்தீர்கள். இடம் விட்டு இடம் போகிற மரபணுவும் உண்டு, அதற்குத்தான் தாவும் மரபணு என்ற சொல் இருக்கிறதே! மூவகையில் ஒன்றுக்கும் திரிதல் என்றுதானே பெயர், மொத்தத்துக்கும் அதுவேயா என்ற கேள்விதான் நியாயமானது. திரிபு என்றால் மூன்றும், திரிதல் என்றால் ஒரு எழுத்து இன்னொன்றாவது மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அப்புறம், எல்லாவற்றையும் திரிபில் போட்டு அடைக்கவும் கூடாது. பெருங்குடல் புற்று சிலவற்றில் எம்எல்எச்1 மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதன் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு மரபணுவைப் படிக்கவிடாமல் செய்துவிடும். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் புரதம் இல்லாமல் போகிறது, அதன்பிறகுதான் திரிபுகள் குவிகின்றன. இங்கே மாறியது வெளிப்பாடு, எழுத்தல்ல. இதற்கு 'வெளிப்பாட்டு முடக்கம்' போதும். ஆங்கில சைலன்சிங்குக்கு 'மௌனமாக்கல்' என்று வந்த யோசனை ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் படிப்பது போலிருக்கிறது, மன்னிக்கவும்.

திரிபில் இன்னொரு வசதி, கிளைச்சொற்கள் சுருக்கமாக வரும். திரிந்த மரபணு, திரியாத மரபணு, திரிபை உண்டாக்கும் பொருளான மியூட்டஜெனுக்குத் திரிபூக்கி. 'சடுதிமாற்றமடையாத மரபணு' என்று ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்தால் தெரியும்.

புற்றின் வளர்ச்சியை முன்னே தள்ளுகிற டிரைவர் மியூட்டேஷனுக்கு 'உந்துதிரிபு' என்று மனதில் இருக்கிறது. அதனோடு கூடவே வந்து ஒன்றும் செய்யாமல் கிடக்கும் பாசெஞ்சருக்கு 'உடன்திரிபு'. 'பயணித் திரிபு' மட்டும் வேண்டாம், அது ஏதோ பயணத்தில் ஏற்பட்ட கோளாறு மாதிரி கேட்கிறது. வேறு யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் சொல்லுங்கள்.