அம்ப்ரெல்லா அகாடமி முதல் தொகுதி: காசு போட்டு வாங்கலாமா?

கேள்வி (கீழக்கரை): ராக் பாடகர் எழுதின சூப்பர்ஹீரோ காமிக்ஸ்னு சொல்றாங்க. கதை பூரா ராக்தானா? பேப்பர்பேக் போதுமாண்ணே?

பதில் 1: ராக்கை நம்பி வாங்கினா ஏமாந்துருவீங்க. எழுதினவர் மை கெமிக்கல் ரொமான்ஸ்ங்கிற ராக் குழுவோட பாடகர் ஜெரார்ட் வே. ஆனா கதைக்குள்ள உலகத்தை அழிக்கக் கிளம்புறது வயலினும் ஆர்கெஸ்ட்ராவும். 2007-08ல 6 இதழா வந்துச்சு, 2008ல காமிக்ஸுக்குக் குடுக்குற ஐஸ்னர் விருது. படம் வரைஞ்ச கேப்ரியல் பாவோட கனத்த கறுப்பு நிழலுக்காகவே வாங்கலாம். போன்ல படிச்சா அதுல பாதி போயிரும்.

பதில் 2 (மண்டபம்): நம்ம உப்புக்காத்துக்குத் தாங்கணுமே தம்பி! தனி இதழ் வேண்டாம், பின் துருப்பிடிச்சு நடுத்தாள்ல செங்கறை இறங்கும். பேப்பர்பேக் போதும், ஆனா பசை பைண்டிங். முழுசா விரிச்சு அமுக்குனா முதுகு வெடிச்சு தாள் கழண்டுரும். வழவழ தாள் நனைஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், பிரிச்சா மையோட உரியும். இறுக்கமா மூடுற டப்பால ஈரத்தை உறிஞ்சுற 2 சிலிக்கா ஜெல் பையோட வைங்க. பிவிசி உறை ஆகாது, மையை இழுக்கும், பாலிபுரோப்பிலீன் கேளுங்க.

கேட்டவர்: அப்ப பேப்பர்பேக்கே. சரிண்ணே, டப்பா முதல்ல.