மேலூர் பக்கம் குடும்பத்தோட உக்காந்து பேசுற மனநல ஆலோசகர் வேணும்

தம்பிக்கு 24 வயசு, மனச்சிதைவு நோய். போன சித்திரைத் திருவிழா சமயத்துல ஆரம்பிச்சது. காதுல குரல் கேக்கும். சோத்துல ஏதோ கலந்துட்டாங்கன்னு தட்டை மோந்து பாத்துட்டுத் தள்ளிடுவான். ரிஸ்பெரிடோன் மாத்திரையில குரல் அடங்குச்சு. ஆனா அப்பா ‘தண்டச்சோறு’னு கத்துற வாரமெல்லாம் திரும்ப வருது.

சித்தப்பாவுக்கும் இதே நோய்தான். அதனால அம்மா ‘உங்க வம்சம்’ங்கிறாங்க, அப்பா ‘நீ குடுத்த செல்லம்’ங்கிறார். பாண்டி கோயிலுக்கும் போயாச்சு. டாக்டர் சொன்னது: பொதுவா 100ல ஒருத்தருக்கு வரும், கூடப்பிறந்தவங்களுக்கு இருந்தா 100ல 10 பேர் வரைக்கும் வரலாம், செல்லத்தால வர்றதில்ல, ஆனா ஓயாத திட்டு அடங்கின நோயைக் கிளப்பிவிடும். அப்பா காதுல ஏறல. அரசோட மனநல உதவி எண் 14416 டெலி மானஸ்லயும் பேசிட்டேன்.

மேலூர், மதுரைப் பக்கம் அப்பா அம்மாவையும் உக்கார வச்சுப் பொறுமையா பேசுற ஆலோசகர் யாராவது தெரியுமா?