இஜிஆரைக் கழற்றித் தகடு வைத்து அடைக்கலாமா?

கேள்வி: ஸ்விஃப்ட் 1.3 டீசல். பிக்கப் இல்லை, கரும்புகை, பி0401 என்ற பிழைக் குறியீடு வருகிறது. இஜிஆரை (வெளிப்புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) அடைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பி0401 என்றாலே இஜிஆர் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். தகடு வைத்தால் ஓட்டம் சுத்தமாக நின்றுவிடும், இன்ஜின் லைட் மறுபடி எரியும். வால்வைக் கழற்றி கார்ப் கிளீனர் அடித்து, ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் கரியைத் தேயுங்கள். வால்வின் மோட்டார் பக்கம் திரவம் படவே கூடாது. கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டிலும் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) கரி அப்பியிருக்கும், அதை விட்டால் பாதி வேலைதான்.

பதில்: டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்தாலும் இதே கரும்புகை வரும். முதலில் அதைப் பாருங்கள், செலவு குறைவு.

பதில்: அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். டீசலுக்குப் புகைச் சோதனையில் புகையடர்த்தி மட்டும்தான் பார்க்கிறார்கள், அதனால் சோதனையில் பிடிபடாது. ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தவறு.