புதுப்பிப்பு: யோனாவும் நான் விட்டு வந்த வகுப்பும்

ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து ஓராண்டாக விலகி நிற்பதையும், விவிலியத்தில் வரும் தீர்க்கதரிசி யோனாவின் கதை என்னை விடாமல் உறுத்துவதையும் சென்ற மாதம் இவ்விழையில் எழுதியிருந்தேன். அதன்பின் யோனா நூலின் 4 அதிகாரங்களையும் நிதானமாக மறுபடி வாசித்தேன். நினிவே நகருக்குப் போகும்படி ஆண்டவர் சொல்ல, யோனாவோ யோப்பா துறைமுகத்துக்கு இறங்கிப் போய், தர்ஷீசுக்குப் புறப்படும் கப்பலைக் கண்டு, கூலியும் கொடுத்து ஏறினார் என்ற இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஓடிப்போவதற்கும் தன் கைப்பணத்தையே செலவழித்திருக்கிறார். புயலில் கப்பற்காரர்கள் தத்தம் தெய்வத்தைக் கூப்பிட்டுச் சரக்கைக் கடலில் எறிந்துகொண்டிருக்க, தீர்க்கதரிசி மட்டும் அடித்தட்டில் அயர்ந்து தூங்குகிறார். என் ஓராண்டும் அந்தத் தூக்கந்தான். கடலில் எறியப்பட்டு, தன்னை விழுங்கிய மீனின் வயிற்றில் 3 நாள் இருந்து கரை சேர்ந்தவருக்குக் கிடைத்ததும் வேறு கட்டளையல்ல, அதே நினிவே. யூதர்கள் யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளின் பிற்பகலில் இந்நூலை வாசிக்கும் காரணம் எனக்கு இப்போதுதான் நெஞ்சில் பட்டது.

சென்ற ஞாயிறு திரும்பிப் போனேன். வருகைப் பதிவேடு நான் கடைசியாக எழுதிய பக்கத்திலேயே ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. கிழியாமல் பிரிக்கச் சற்று நேரமாயிற்று. 11 பிள்ளைகள் வந்திருந்தார்கள். "டீச்சர், இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?" என்று கேட்ட சிறுமிக்கு யோப்பாவிலிருந்து தொடங்கினேன். கதையின் கடைசியில் யோனாவுக்கு நிழல் தந்து வாடிப்போகும் ஆமணக்குச் செடி அடுத்த வாரம்.