புதுப்பிப்பு: ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு டெக்சாசுக்கு வந்து சேர்ந்துவிட்டது

வேறு மாநிலத்திலிருந்து டெக்சாசுக்குக் குடிபெயரும்போது என் பாம்பையும் கொண்டுவரலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

2015-இல் இந்த இனம் லேசி சட்டம் என்ற அமெரிக்கக் கூட்டாட்சி வனவிலங்குச் சட்டத்தின் தீங்குயிர்ப் பட்டியலில் (தீங்கு விளைவிக்கக்கூடிய உயிரினங்களின் பட்டியல்) சேர்ந்ததால் மாநில எல்லையைத் தாண்டவே முடியாது, யாருக்காவது கொடுத்துவிடு என்றார்கள் பலர். கைகொடுத்தது 2017 மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பைச் சுட்டிய பதில்தான். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை நீடிக்கிறது. ஆனால் ஒன்றையொன்று ஒட்டிய 48 மாநிலங்களுக்குள் (அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக) கொண்டுசெல்வதை அந்தப் பட்டியல் தடுக்கவில்லை. மாநிலச் சட்டங்கள் வேறு. டெக்சாசில் இந்த இனத்துக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். வேட்டை உரிமம் விற்கும் இடத்திலேயே அது கிடைத்தது!

எதிர்பாராதது வழிதான். கடந்துபோகும் மாநிலங்களின் விதிகளும் நம்மைக் கட்டுப்படுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு மாநில வனவிலங்குத் துறைக்கும் எழுதிக் கேட்டு, ஒரு மாநிலத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வந்தேன். "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொன்னவர்களை நான் ஏற்கவில்லை. அப்படி ஒருவர் பிடிபட்டால் அடுத்த தடைக்கு அதுவே காரணமாகும்.

பயணத்துக்கு முன் பத்து நாள் இரை கொடுக்கவில்லை. துணிப்பையில் இட்டு, காற்றுத்துளைகள் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வந்தபின் மூன்று வாரம் எதையும் தொடாமல் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே சுருண்டு கிடந்தது. நேற்றிரவு முயலை எடுத்துக்கொண்டது.